மூடிய திரையரங்கைத் திறப்பது யார், யாருக்காக?

ஒரு பேட்டையின் திரையரங்கு மூடப்பட்ட பிறகு அந்தக் கட்டடத்தை என்ன செய்வது? இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டலாம், கல்யாண மண்டபமாக மாற்றலாம், பூட்டிப் போட்டு நிலத்தின் விலை ஏறக் காத்திருக்கலாம். இவற்றுக்கு அப்பால் இன்னொரு பதிலும் சுமார் அரை நூற்றாண்டாகப் பல நாடுகளில் எழுந்துவருகிறது: அக்கம்பக்கத்தார் கூடும் பொது இடமாக அதை மீண்டும் திறக்க வேண்டும். கேட்பதற்கு இனிய பதில்தான். ஆனால் அதற்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல நிலைப்பாடுகள் இருக்கின்றன. கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்பவரும், சினிமாவைக் காப்பாற்றச் சொல்பவரும், ஊர் கூடுவதைக் காப்பாற்றச் சொல்பவரும் ஒரே கூட்டத்தில் நின்று கோஷம் போடலாம். சாவி கைக்கு வந்த மறுநாள் அவர்கள் பிரிந்துவிடுகிறார்கள்.

கேள்விக்கும் வயது அதிகம். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டர் சில ஆண்டுகளிலேயே அஞ்சல் துறையின் கைக்குப் போனது. இன்றும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில், அஞ்சல்தலை சேகரிப்போருக்கான நிலையமாக அது நிற்கிறது. அடுத்த ஆண்டு ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி அரங்கமோ சுவடின்றி இடிக்கப்பட்டுவிட்டது. தமிழகத்தின் முதல் அரங்குகளுக்கே இரண்டு விதமான முடிவுகள் வாய்த்திருக்கின்றன. இந்தக் கட்டுரை முக்கியமான ஐந்து நிலைப்பாடுகளையும் அவை பிறந்த சூழலையும் அவற்றின் பலவீனங்களையும் பார்த்துவிட்டு, தமிழ்நாட்டுக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்று கேட்கிறது.

அரங்கம் எவ்வளவு பொதுவாக இருந்தது?

மீட்க வேண்டும் என்பவர்களின் வாதத்துக்கு அடியில் ஒரு வரலாற்றுக் கூற்று இருக்கிறது: திரையரங்கு முன்பு எல்லோருக்கும் பொதுவான இடமாக இருந்தது என்பதே அது. தமிழில் இதற்கு வலுவான ஆதாரம் தந்தவர் கார்த்திகேசு சிவத்தம்பி. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் ஊடகமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்களம் சினிமாக் கொட்டகையே என்று அவர் வாதிட்டார். கோயிலிலும் சபாவிலும் யார் எங்கே நிற்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது; கொட்டகையில் அதைத் தீர்மானித்தது கையில் இருந்த காசு.

இந்தக் கூற்றைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் அதைப் பொற்காலச் சித்திரமாக்குவதும் தவறு. ஒரே கூரைதான் என்றாலும் தரை டிக்கெட், பெஞ்சு, சேர், சோபா, பால்கனி என்று வாசல்கள் வேறு. பெண்களுக்குத் தனிப் பகுதியும் தனி வரிசையும் இருந்த கொட்டகைகள் ஏராளம். காசுதான் அளவுகோல் என்ற விதியும் எல்லா நேரமும் காக்கப்படவில்லை. 2023இல்கூட சென்னையின் ஓர் அரங்கில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட் இருந்தும் வாசலில் நிறுத்தப்பட்டது பெரும் கண்டனத்துக்கு ஆளானது.

மேற்கிலிருந்து வந்த கோட்பாடுகளையும் எச்சரிக்கையோடுதான் பொருத்த வேண்டும். வீடும் வேலையிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்' பற்றி ரே ஓல்டன்பர்க் 1989இல் எழுதியதை அரங்க மீட்பாளர்கள் அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். காபிக் கடை, முடிதிருத்தகம் போன்ற அந்த இடங்களின் முதன்மையான செயல் உரையாடல் என்பது அவர் வரையறை. திரையரங்கில் விளக்கணைந்ததும் உரையாடல் நிற்கிறது. அல்லது விசிலாக மாறுகிறது. பேச்சு நடந்தது ஓரங்களில்தான்: டிக்கெட் வரிசையில், சைக்கிள் ஸ்டாண்டில், எதிர்த்த டீக்கடையில், முறுக்கும் சோடாவும் கைமாறும் இடைவேளையில். 1980களின் மதுரையை ஆராய்ந்த மானுடவியலாளர் சாரா டிக்கி, ரசிகர் மன்றங்கள் என்ற அமைப்பு வழியே அரங்கைச் சுற்றி ஏழை நகரவாசிகளின் சமூக வாழ்வு எப்படித் திரண்டது என்று 1993இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார்.

அப்படியானால் ஊர் கூடியது அரங்கத்தின் நோக்கமாக இருந்ததில்லை. படம் பார்க்க வந்ததன் பக்கவிளைவாக அது நேர்ந்தது. பக்கவிளைவாகக் கிடைத்த ஒன்றை நோக்கமாக வைத்து மீண்டும் உண்டாக்க முடியுமா என்பதே பின்வரும் எல்லா நிலைப்பாடுகளும் நேரடியாகவோ மறைமுகமாகவோ சந்திக்கும் சிக்கல்.

மூடியதற்கான காரணமும் திறப்பதற்கான வழியும்

திரையரங்குகள் மூடப்பட்டதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் தெரிந்தவை. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி, 1980களில் வீடியோ கேசட், 1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள், பிறகு மல்டிப்ளெக்ஸ், டிஜிட்டல் திரையிடலுக்கான முதலீடு, கடைசியாகக் கைபேசி. ஆனால் இந்தப் பட்டியல் ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைக்கிறது. ஆள் வராமல் மூடிய அரங்குகள் உண்டு. ஆள் வந்துகொண்டிருந்தபோதே நிலத்தின் விலை காட்சி வருமானத்தை விஞ்சியதால் மூடியவை உண்டு. பங்காளிகளின் பாகப்பிரிவினை வழக்கில் பூட்டு விழுந்தவையும் உண்டு.

மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்குப் புதிய பயன்பாடு வேண்டும். இரண்டாவதற்கு நிலச் சந்தையிலிருந்து ஏதோ ஒரு பாதுகாப்பு வேண்டும். மூன்றாவதற்கு நீதிமன்றம் வழிவிட வேண்டும். மீட்பு முயற்சிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முதல் வகையையே மனத்தில் வைத்துப் பேசுகின்றன. நகரின் நடுவில் இருக்கும் அரங்குகளுக்கு இரண்டாவதே மெய்யான எதிரி என்று தோன்றுகிறது.

நிலைப்பாடு ஒன்று: சந்தையே முடிவு செய்யட்டும்

மிகப் பழையதும் நடைமுறையில் மிகுதியாக வென்றதும் இந்த நிலைப்பாடுதான். மதுரையில் 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. ஆசியாவிலேயே பெரியது என்று அந்த ஊர் பெருமைப்பட்டுக்கொண்டது. இன்று அந்த இடத்தில் துணிக்கடை. ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள் என்ற வியப்போடு 1964இல் சென்னையில் வந்த சஃபையர் 1990களில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 1961இல் தொடங்கிய சாந்தி 2016இலும், 1967இல் தொடங்கிய தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020இலும், 1983இல் தொடங்கிய அசோக் நகர் உதயம் 2024இலும் கடைசிக் காட்சியை ஓட்டின.

இந்த நிலைப்பாட்டின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. உரிமையாளர் தரும நிலையம் நடத்தவில்லை. விநியோகஸ்தருக்கான பங்கு, மின்கட்டணம், சொத்து வரி, கேளிக்கை வரி எல்லாம் அவர் தலையில் விழுந்தபோது ஊர் உதவிக்கு வரவில்லை. மூடும்போது மட்டும் ஊருக்கு ஏக்கம் வருகிறது. பழைய அரங்கைப் பிரித்துச் சிறு திரைகளாக்கிப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால், பிழைக்கத் தெரிந்தவை பிழைக்கும் என்கிறார்கள் இந்தத் தரப்பினர்.

பலவீனம் எங்கே இருக்கிறது? நிலத்தின் விலை ஓர் இடத்தின் வணிகப் பயனை அளக்கிறது. அது அங்கே இருப்பதால் அக்கம்பக்கத்துக்குக் கிடைக்கும் பயனை அளப்பதில்லை. வாடிக்கையாளரை நம்பியிருந்த டீக்கடைக்காரரின் இழப்பு எந்தக் கிரயப் பத்திரத்திலும் வராது. இன்னொன்று, இடிப்பைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த தலைமுறை வேறு முடிவு எடுக்க விரும்பினாலும் கட்டடம் இருக்காது. இந்தக் குறையைச் சட்டத்தால் சரிசெய்யும் முயற்சிகளும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பழைய அரங்கை இடித்துக் கட்டுவோர் புதிய கட்டடத்திலும் ஓர் அரங்கை வைக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ஓர் இடத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிவுசெய்துவிட்டால், அதை விற்க வரும்போது உள்ளூர் மக்கள் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். ஆனால் அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. ஆகவே இவை சந்தையைத் தடுப்பதில்லை, சற்றே நிதானிக்க வைக்கின்றன.

நிலைப்பாடு இரண்டு: கட்டடமே மரபு

இடிப்புகளுக்கு எதிர்வினையாகப் பிறந்தது மரபுப் பாதுகாப்பு. இதன் மிகச் சிறந்த இந்திய உதாரணம் மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ். நாடகத்துக்காகக் கட்டப்பட்டு, பின்னர் சினிமா ஓடி, 1993இல் மூடப்பட்ட அது, கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பா தலைமையில் புதுப்பிக்கப்பட்டு 2016இல் திறந்தது. மறு ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளிலும் இடம்பெற்றது. சிங்கப்பூரின் கேப்பிட்டல் அரங்கம் 1998இல் மூடி 2015இல் மீண்டது. புவெனஸ் ஐரிஸில் 1919இல் கட்டிய கிராண்ட் ஸ்பிளெண்டிட் அரங்கம் 2000ஆம் ஆண்டு புத்தகக் கடையானது. மேடை காபிக் கடையாகவும், பால்கனிகள் நூல் அடுக்குகளாகவும் மாறின. எதிர்மாறான உதாரணம் டெட்ராய்ட்டின் மிச்சிகன் தியேட்டர்: 1926இல் கட்டிய அந்த மாளிகை 1977 முதல் வாகன நிறுத்துமிடம். அலங்காரக் கூரை அப்படியே இருக்க, அடியில் கார்கள் நிற்கின்றன. சுவரைக் காப்பதும் வாழ்வைக் காப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த நிலைப்பாட்டின் முதல் குறை, அது அழகைச் சார்ந்திருப்பது. காலனியக் கட்டடம், ஆர்ட் டெக்கோ முகப்பு போன்றவை மரபுப் பட்டியலில் ஏறும். 1970களில் கான்கிரீட் பெட்டியாகவும் கல்நார் கூரையாகவும் எழுந்த பேட்டைத் தியேட்டர் ஏறாது. ஆனால் மக்கள் அதிகமாகக் கூடியது அந்த இரண்டாம் வகையில்தான். இரண்டாவது குறை, புதுப்பித்த செலவு டிக்கெட் விலையில் வந்து சேரும். தரை டிக்கெட்டுக்காரர் வந்துபோன அரங்கு, மீண்டும் திறக்கும்போது அவரை அழைப்பதில்லை. டூரிங் டாக்கீஸ் பற்றி மரபுவாதத்துக்குச் சொல்ல ஏதுமில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கோவையின் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் ஊர் ஊராகப் படம் காட்டிய பிறகே 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தமிழ்ப் பார்வையாளர் திரள் உருவானதில் கூடாரத்துக்கும் கட்டடத்துக்கும் சமபங்கு உண்டு. கூடாரத்தைப் பட்டியலிட முடியாது.

நிலைப்பாடு மூன்று: அரசும் உள்ளாட்சியும்

நூலகத்தையும் பூங்காவையும் அரசு நடத்துவதுபோல் திரையரங்கையும் நடத்தலாம் என்பது ஐரோப்பியச் சமூக ஜனநாயகத்தில் வேர்கொண்ட கருத்து. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1971இல் தொடங்கிய நகராட்சித் திரையரங்கு அந்நாட்டில் ஒரு முழு இயக்கத்துக்கு முன்மாதிரியானது. பிரான்சில் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஒரு வரி பிடிக்கப்பட்டு, அது திரைத்துறைக்கே, அரங்குகளைப் புதுப்பிப்பது உட்பட, திரும்புகிறது. சிறு அரங்குகளுக்கு உள்ளாட்சிகள் உதவ 1992ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது.

லண்டன் வால்தம்ஸ்டோவின் பழைய கிரனாடா அரங்கம் இந்தப் பாதையின் நீளத்தைக் காட்டுகிறது. 1930இல் திறந்த அது 2003இல் மூடப்பட்டு ஒரு திருச்சபையால் வாங்கப்பட்டது. வழிபாட்டு இடமாக மாற்ற அனுமதி மறுக்கப்பட்டது. குடிமக்கள் விடாமல் போராடினார்கள். 2019இல் உள்ளாட்சி அதை வாங்கியது. 2025இல்தான் நாடக, நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கான அரங்காகத் திறந்தது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதை முழு அரங்காகப் பார்க்காமலேயே வளர்ந்துவிட்டார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் கேரளம். 1975இல் அமைந்த கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தின் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளோடு சேர்த்தலை, சித்தூர் போன்ற சிறு நகரங்களிலும் திரையரங்கு நடத்துகிறது. டிசம்பர் தோறும் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குத் தலைநகர அரங்குகள் முக்கியக் களம். கொல்கத்தாவில் 1991இல் தீக்கிரையான ஸ்டார் தியேட்டரை மாநகராட்சியே மீட்டெடுத்தது. சென்னையில் விக்டோரியா பொது அரங்கைப் புதுப்பிக்கும் பணியை மாநகராட்சி மேற்கொண்டது. சென்னையின் முதல் சலனப்படக் காட்சி 1897இல் நடந்ததாகச் சொல்லப்படும் இடம் அது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1916இல் நீதிக்கட்சி உருவானதும் அங்கேதான். நாடகமும் படமும் அரசியலும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்ட அந்தக் கூடம், இன்று பல்பயன் அரங்கு என்று புதிதாகச் சொல்லப்படுவதற்குப் பழைய சான்று.

அரசு வழியின் பலவீனங்களும் தெரிந்தவையே. வாங்கும் அரசு பராமரிக்கும் என்ற உறுதி இல்லை. தமிழ்நாட்டில் திறப்பு விழாவுக்குப் பின் பூட்டியே கிடக்கும் சமுதாயக் கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எந்தப் படத்தைத் திரையிடலாம், எந்தக் கூட்டத்துக்கு அனுமதி தரலாம் என்பதில் ஆளுங்கட்சியின் விருப்பம் நுழைவதும் எளிது. செலவு மிஞ்சும்போது தனியாருக்குக் குத்தகை விடுவதும், பிறகு அது மற்றொரு வணிக அரங்காக மாறுவதும் நேரக்கூடியவை.

நிலைப்பாடு நான்கு: மக்களே நடத்தட்டும்

அரசையும் சந்தையையும் ஒருசேர நம்பாதவர்களின் பதில் இது. லண்டனின் ஃபீனிக்ஸ் சினிமாவை 1985இல் ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. ரோமில் நெடுநாள் மூடிக்கிடந்த 'சினிமா அமெரிக்கா' என்ற அரங்கை 2012இல் இளைஞர்கள் புகுந்து திறந்தார்கள். 2014இல் வெளியேற்றப்பட்டதும் திராஸ்தேவெரே பகுதியின் சதுக்கத்தில் இலவசமாகப் படம் காட்டத் தொடங்கினார்கள். 2021இல் அதே குழு வேறொரு பழைய அரங்கை முறைப்படி எடுத்து நடத்தத் தொடங்கியது. பாரிஸின் லா கிளெஃப் 2018இல் மூடி, 2019இல் ஆக்கிரமிக்கப்பட்டு, 2022இல் காலிசெய்யப்பட்டு, 2024இல் நன்கொடைகளைக் கொண்டு, ஆக்கிரமித்தவர்களின் கூட்டமைப்பாலேயே வாங்கப்பட்டது. லெபனானில் நடிகர் காசெம் இஸ்தான்புலியும் அவரது குழுவும் நபதியே, தயர், திரிப்போலி நகரங்களின் பாழடைந்த திரையரங்குகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள், அனுமதி இலவசம்.

தோல்விகளும் இதே அளவு கற்பிக்கின்றன. பாலஸ்தீனத்தின் ஜெனின் நகரில் 1987இல் மூடிய அரங்கம், ஜெர்மானியத் திரைப்பட இயக்குநர் ஒருவரின் முன்முயற்சியிலும் வெளிநாட்டு நிதியிலும் 2010இல் பெருவிழாவோடு திறந்தது. கூட்டம் நிலைக்கவில்லை. வெளியாரின் திட்டம் என்ற ஐயம் உள்ளூரில் விலகவும் இல்லை. 2016இல் நிலம் விற்கப்பட்டு, கட்டடம் இடிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1970களின் கோல்டன் அரங்கைப் புதுப்பித்து 2014இல் தொடங்கிய தி புரொஜெக்டர், இளைஞர்களின் அன்பைப் பெற்றிருந்தும் 2025 ஆகஸ்டில் செலவு தாங்காமல் மூடியது. சாவோ பாவ்லோவில் 2011இல் மூடிய பெலாஸ் ஆர்ட்டிஸ் மக்கள் போராட்டத்தால் 2014இல் மீண்டது. ஆனால் அதற்குக் கைகொடுத்தது ஒரு வங்கியின் விளம்பரப் பணம். விளம்பரதாரர் மாறும்போதெல்லாம் அரங்கின் பெயரும் மாறுகிறது.

தமிழ் நிலத்துக்குப் பக்கத்திலும் ஒரு மாற்றுப் பாதை இருந்தது. 1965இல் தொடங்கிய சித்ரலேகா முதல் வளர்ந்த கேரளத் திரைப்படச் சங்கங்களும், ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் சிறு தொகைகள் திரட்டிய ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழுவும் கட்டடத்தைச் சொந்தமாக்காமலேயே பார்வையாளரைச் சமூகமாக்கின. 1986இல் வந்த 'அம்ம அறியான்' அந்த வசூலில் உருவான படம். தமிழ்நாட்டில் முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச) போன்ற அமைப்புகள் மாவட்ட நகரங்களில் நடத்திய திரைப்பட விழாக்களும் இந்த மரபில் சேர்பவை. இவை எழுப்பும் சங்கடமான கேள்வி: வாடகை அரங்கிலும் பள்ளி வளாகத்திலும் கூட்டம் சேர்க்க முடிகிறதென்றால், பழைய தியேட்டரை மீட்பது அவ்வளவு அவசியமா?

நிலைப்பாடு ஐந்து: சினிமாவே தேவையில்லை

கூடுவதுதான் முக்கியம், படம் வேண்டியதில்லை என்பது அண்மைக் காலத்தில் வலுப்பெற்ற நிலைப்பாடு. நூலகம், விளையாட்டுத் திடல் போன்றவற்றைச் 'சமூக உள்கட்டமைப்பு' என்று அழைத்த எரிக் கிளினென்பர்க்கின் 2018ஆம் ஆண்டு நூல் இதற்குப் புதிய சொல் தந்தது. கோலாலம்பூரின் ரெக்ஸ் அரங்கம் ஓர் உதாரணம்: 2000களின் தொடக்கத்தில் மூடிய அது, 2019 வாக்கில் உணவுக் கடைகள், புத்தகக் கடை, நிகழ்ச்சிக்கூடம் எல்லாம் சேர்ந்த இடமாகத் திறந்தது. எப்போதும் யாராவது உள்ளே இருக்கிறார்கள் என்பது இதன் பலம். நுகர்வோராக வராதவருக்கு இருக்கை கிடைக்குமா என்பது இதன்மீது வைக்கப்படும் விமர்சனம்.

தமிழ்நாடு இந்த நிலைப்பாட்டுக்கு விவாதமில்லாமலே ஒரு பதிலைத் தந்துவிட்டது: கல்யாண மண்டபம். மூடிய கொட்டகைகளில் குடோன் ஆனவை போக ஏராளமானவை மண்டபமாயின. மீட்பாளர்கள் இதைத் தோல்வியாகவே எண்ணுகிறார்கள். ஆனால் நூற்றுக்கணக்கானோர் கூடுகிறார்கள், உண்கிறார்கள், பேசுகிறார்கள். ஓல்டன்பர்க்கின் அளவுகோலில் இருட்டறையைவிட மண்டபம் உரையாடலுக்கு ஏற்றது. மழை வெள்ளக் காலங்களில் நிவாரண முகாமாவதும் மண்டபங்களே. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. தியேட்டருக்குள் நுழைய டிக்கெட் போதும். மண்டபத்துக்குள் நுழையப் பத்திரிகை வேண்டும். சாதியும் உறவும் கடந்து அந்நியர்கள் தோளோடு தோள் அமர்ந்த இடம், சாதியும் உறவும் கூடும் இடமாகத் திரும்பிவிட்டது. சிவத்தம்பி சுட்டிய மாற்றம் தலைகீழாகிறது. மண்டபத்தைப் பற்றிய இந்த விமர்சனம், கூடுகிறார்களா என்று மட்டும் கேட்டால் போதாது, யாரோடு கூடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

தமிழ்நாட்டில் பொருத்திப் பார்த்தால்

மேற்சொன்ன எந்த முன்மாதிரியும் இங்கே அப்படியே வந்து உட்காராது. முதலில் சட்டம். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்டங்களில் ஆட்சியரும் சென்னையில் காவல் ஆணையரும் வழங்கும் உரிமம் இல்லாமல் அரங்கில் படம் ஓட்ட முடியாது. 'சி படிவம்' என்று உரிமையாளர்கள் சொல்வது இதைத்தான். படக்காட்சி, நாடகம், நூலகம், உணவகம் எல்லாம் ஒரே கூரையில் வேண்டுமென்றால் வெவ்வேறு துறைகளின் அனுமதிகளை ஒன்றாகக் கோர்க்க வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் ஆறு மாத அவகாசம் போன்ற ஏற்பாட்டுக்கு இங்கே சட்ட வடிவம் இல்லை. மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இலேயே இயற்றப்பட்டாலும், சாதாரணப் பேட்டைத் தியேட்டர் அதன் பார்வையில் விழ வாய்ப்புக் குறைவு.

அடுத்தது கட்டடம். திரையை நோக்கிச் சரியும் தளம், சன்னல் இல்லாத சுவர், நடுவில் தூண் இல்லாத நீண்ட கூரை ஆகியவை படத்துக்கு வரம். படிப்பகத்துக்கோ குழந்தைகள் கூடத்துக்கோ இடைஞ்சல். சரிவைச் சமன்செய்தால் மீண்டும் சினிமா அரங்காக்குவது கடினம். தீப் பாதுகாப்பு இன்னும் கடுமையான நிபந்தனை. 1997இல் டெல்லி உப்ஹார் அரங்கில் 59 பேர் இறந்ததையும், 2004இல் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத் தீயில் 50க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் மனத்தில் கொண்டால், வெளியேறும் வழிகளிலும் மின்கம்பிகளிலும் சிக்கனம் பார்க்க இடமில்லை. ஆர்வலர்களின் வரவு செலவுக் கணக்கில் பெரும்பாலும் குறைத்து எழுதப்படும் இனம் இதுவே.

மூன்றாவது பணம். 2017இல் ஜிஎஸ்டியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது தமிழகத் திரையரங்குகள் நான்கு நாட்கள் கதவடைத்தன. 100 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டின் ஜிஎஸ்டி 2019இல் 12 விழுக்காடாகவும் 2025 செப்டம்பரில் 5 விழுக்காடாகவும் இறங்கியது குறைந்த கட்டண அரங்குக்கு ஓரளவு தெம்பு தரும். ஆனால் வரி குறைந்தாலும் செவ்வாய்க்கிழமை பகல் காட்சிக்கு வரும் பத்துப் பேரைக் கொண்டு குளிர்சாதனம் ஓடாது. சனி, ஞாயிறின் வருமானமோ வேறொரு வருமானமோ வார நாட்களைத் தாங்கியாக வேண்டும். கடைகளின் வாடகை, மண்டபக் கட்டணம், உள்ளாட்சி மானியம், நன்கொடை ஆகியவற்றில் எது அந்தச் சுமையை எடுத்தாலும் அதற்கேற்ப அரங்கின் குணமும் மாறும்.

எஞ்சி நிற்பவை

ஐந்து நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்தால் சில பொதுத்தன்மைகள் தென்படுகின்றன. நீடித்தவற்றில் நிலத்தின் உரிமை பெரும்பாலும் தீர்ந்திருந்தது: அறக்கட்டளையோ உள்ளாட்சியோ கூட்டமைப்போ பத்திரத்தில் இருந்தது. குத்தகையிலும் நல்லெண்ணத்திலும் நின்றவை, எவ்வளவு கொண்டாடப்பட்டாலும், எளிதில் ஆட்டம் கண்டன. வாரந்தோறும் வருவதற்கு ஒரு நிலையான சாக்கு இருந்த இடங்களே பழக்கமாயின. சமூகம் கூட வேண்டும் என்ற அறிவிப்பு மட்டும் யாரையும் இரண்டாம் முறை அழைத்து வரவில்லை. படம் அந்தச் சாக்காகத் தொடர வேண்டியதில்லை, ஆனால் ஏதோ ஒன்று வேண்டும். மூன்றாவதாக, உள்ளூரில் கேட்பார் இல்லாத இடத்தில் வெளிப்பணம் கட்டடத்தைத் திறக்கும்; திறந்தே வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இவை போக்குகள் மட்டுமே. விதிகளாகக் கொள்ளும் அளவுக்குச் சான்று போதாது. வெற்றிபெற்ற அரங்குகளைப் பற்றியே அதிகம் எழுதப்படுகிறது, சத்தமின்றி மறுபடி மூடியவை கணக்கில் வருவதில்லை என்பதால் இந்தத் துறையின் அனுபவ அறிவு ஒருபக்கம் சாய்ந்தது. அதைவிடப் பெரிய வெற்றிடம் ஒன்று உண்டு. மீண்டும் திறந்த அரங்குகள் எத்தனை நிகழ்ச்சி நடத்தின, எவ்வளவு நிதி திரட்டின என்று பேசப்படும் அளவுக்கு, வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் யார், முன்பு வந்துகொண்டிருந்தவர்களில் யார் வரவில்லை என்பது பேசப்படவில்லை. தரை டிக்கெட்டுக்காரரின் வாரிசுகள் இன்று எங்கே கூடுகிறார்கள், அல்லது கூடாமலேயே கைபேசியில் படம் பார்த்து நிறைவடைந்துவிட்டார்களா என்று அறியாமல் அவர்களின் பெயரால் எந்தக் கட்டடத்தையும் மீட்பது யூகத்தில் முதலீடு செய்வதாகும்.

ஆகவே எல்லா அரங்கையும் காப்பாற்றுவோம் என்ற முழக்கமும், காலம் போனது போனதுதான் என்ற தீர்ப்பும் இன்றைய சான்றுகளால் ஆதரிக்கப்படவில்லை. ஒரு குறிப்பிட்ட அரங்கை முன்வைத்து நியாயமாகக் கேட்கக்கூடியவை மூன்று கேள்விகள்: நிலம் யார் பெயரில் இருக்கும், கூட்டம் வராத நாளின் செலவை யார் ஏற்பார், காசும் அழைப்பும் இல்லாதவர் உள்ளே வரும் வழி என்ன? முதல் இரண்டுக்கும் பிற நாட்டு அனுபவங்களிலிருந்து ஓரளவு விடை கிடைக்கிறது. மூன்றாவதற்கு, இலவச அனுமதி என்ற பகுதி விடையைத் தவிர, நீடித்துச் சோதிக்கப்பட்ட விடை எங்கும் தென்படவில்லை. திரையரங்கைப் பொது இடம் என்று அழைக்கும் உரிமை அந்த விடையைப் பொறுத்தே இருக்கிறது. தமிழ்ச் சூழலில் சாதியையும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது என்பதால், இங்கே நடக்கப்போகும் எந்த முயற்சியும் மற்ற நாடுகளின் நகலாக அமைந்தால் பாதிக் கேள்விக்கே பதில் சொன்னதாகும்.